லோயன்: ஃபியோர்டுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தின் புவியியல்

நார்வேயின் மேற்குக் கரையோர வரைபடத்தை விரித்து, நோர்ட்ஃபியோர்டு என்னும் நீண்ட கடற்கிளையை அதன் முகப்பிலிருந்து உள்நாடு நோக்கி விரலால் தொடர்ந்து சென்றால், ஏறத்தாழ 106 கி.மீ. தொலைவில் அது மலைகளுக்கு நடுவே முடிவடைவதைக் காணலாம். அந்த உள்முனையில், கடல்நீர் தொடும் இடத்தில், லோயன் என்ற சிறு கிராமம் இருக்கிறது. சில நூறு பேர் மட்டுமே வாழும் இவ்வூர், வெஸ்ட்லாண்ட் மாவட்டத்தின் ஸ்ட்ரின் நகராட்சிக்கு உட்பட்டது. வரைபடத்தில் இன்னும் சற்று உள்ளே பார்த்தால், கிராமத்துக்குப் பின்புறம் ஒரு சிறு நிலத்திட்டைத் தாண்டியதும், கடற்கிளை விட்ட இடத்திலிருந்தே தொடர்வது போல ஒடுக்கமான நீர்ப்பரப்பு ஒன்று மீண்டும் தொடங்குகிறது. அது கடல் அன்று; லோவட்னெட் என்னும் நன்னீர் ஏரி.

இது லோயனுக்கு மட்டும் உரிய அமைப்பு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஓல்டன் கிராமத்திலும் அதே அமைப்புதான்: முன்னால் ஃபியோர்டு, பின்னால் ஓல்டெவட்னெட் ஏரி. வடக்கே உள்ள ஸ்ட்ரின் ஊரிலும் அவ்வாறே. அங்கே ஃபியோர்டுக்கும் ஸ்ட்ரினெவட்னெட் ஏரிக்கும் நடுவே நிலப்பகுதி சற்று நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். (இப்பகுதிப் பெயர்களில் இறுதியில் ‘வட்னெட்’ என்று வந்தால் அது ஏரி, ‘ப்ரேன்’ என்று வந்தால் பனியாறு என்று நினைவில் வைத்துக்கொண்டால், வரைபடத்தைப் படிப்பது எளிதாகும்.) அடுத்தடுத்த மூன்று பள்ளத்தாக்குகளில் கடல், கிராமம், ஏரி, பனியாறு என்ற அதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதற்குப் பொதுவான ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், கிராமம் ஏன் அவ்விடத்தில் அமைந்தது, ஏரி நீர் ஏன் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரிகிறது, சென்ற நூற்றாண்டில் அதே ஏரிக்கரையில் ஏன் இரண்டு பேரழிவுகள் நிகழ்ந்தன என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விடை கிடைக்கும்.

பனி தோண்டிய பள்ளம்

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உருவான ஒடுக்கமான, ஆழமான கடற்கிளை. ஃபியோர்டு ஏரி என்பதும் அதே பனியாறு குடைந்த அதே வகைப் பள்ளம்தான். ஆனால் அதில் கடலுக்குப் பதிலாக நன்னீர் நிறைந்திருக்கிறது. தொடக்க நிலை வாசகர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது ஒன்றே. பாறையின் கோணத்திலிருந்து பார்த்தால் நோர்ட்ஃபியோர்டின் உள்முனையும் லோவட்னெட்டும் வெவ்வேறு அமைப்புகள் அல்ல. ஒரே பள்ளத்தாக்கின் தரையில், குறுக்கே எழுந்த ஒரு திட்டினால் பிரிக்கப்பட்ட இரண்டு குழிகள் அவை.

அக்குழிகள் தோன்றிய விதத்தைப் பார்ப்போம். கடந்த ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளில் ஸ்காண்டிநேவியா பலமுறை பனியால் மூடப்பட்டு, பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. பனி வருவதற்கு முன்பே இங்கு ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்குகள் இருந்தன. ஆறு அரித்த பள்ளத்தாக்கு பொதுவாக ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல அடியில் குறுகியிருக்கும். ஒவ்வொரு பனியூழியிலும் மேட்டுநிலத்தில் குவிந்த பனி, வழி தேடி இந்தப் பள்ளத்தாக்குகளிலேயே இறங்கியது. பல நூறு மீட்டர் தடிமன் கொண்ட பனி தன் எடையாலேயே மெதுவாக நகரும்போது, அதன் அடியில் சிக்கிய கற்களும் மணலும் தரைப்பாறையை உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. இது ஒரு வேலை. பாறை வெடிப்புகளுக்குள் புகுந்த நீர் அங்கேயே உறைந்து, நகரும் பனியுடன் ஒட்டிக்கொண்டு, பாறைத் துண்டுகளை வேரோடு பெயர்த்தெடுத்துச் செல்வது இன்னொரு வேலை. இவ்விரண்டும் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தபின், ‘வி’ வடிவப் பள்ளத்தாக்கு தமிழ் ‘ப’ எழுத்தைப் போல, செங்குத்துச் சுவர்களும் அகன்ற தரையும் கொண்டதாக மாறுகிறது. லோயனைச் சுற்றியுள்ள பாறை 160 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கெட்டியான நைஸ் பாறை (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை வகை) என்பதால், பனி விலகிய பிறகும் அச்சுவர்கள் சரிந்து தணியாமல் செங்குத்தாகவே நிற்கின்றன.

இதில் ஆற்றுக்கும் பனியாற்றுக்கும் உள்ள ஒரு வேறுபாடு மிக முக்கியமானது. பாடநூல்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் வடிவத்தைச் சொல்லிவிட்டு இந்த வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுவே கதையின் மையமாகத் தோன்றுகிறது. ஆறு எப்போதும் தரையின் சரிவைப் பின்பற்றியே ஓடும். அதன் படுகை கடலை நோக்கித் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே செல்லும். பனியாறு ஓடுவதற்கு அதன் மேற்பரப்பு சரிந்திருந்தால் போதும். அடித்தரை சில இடங்களில் மேல்நோக்கி ஏறினாலும், பின்னாலிருந்து அழுத்தும் பனியின் எடை அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே பனி தடிமனாகவும் வேகமாகவும் இருக்கும் இடங்களில், குறிப்பாகப் பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்திலும் கிளைப் பனியாறுகள் வந்து சேரும் இடத்திலும், அது தரையை ஆழமாகக் குழித்துவிடுகிறது. பனி விரிந்து மெலியும் இடத்தில் அரிப்பு குறைந்து, தரை மீண்டும் மேலே எழுகிறது. இவ்வாறு ஒரு பள்ளத்தாக்கின் தரை சீரான சரிவாக அமையாமல், குழியும் திட்டுமாக மாறிமாறி அமைகிறது.

நார்வேயின் மிக நீளமான சோக்னெஃபியோர்டு உட்பகுதியில் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமாக இருந்து, கடல் முகப்பை நெருங்கும்போது ஆழம் வெகுவாகக் குறைந்துவிடுவதற்கும் இதுவே காரணம். லோவட்னெட்டிலும் அதே முத்திரையைக் காணலாம். அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 52 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழமோ 100 மீட்டருக்கும் அதிகம். அதாவது ஏரியின் மேற்பரப்பு கடலைவிட உயரத்தில் இருந்தாலும், அதன் அடித்தரை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. எந்த ஆறும் அப்படி ஒரு குழியைத் தோண்டியிருக்க முடியாது.

கிராமம் நிற்கும் திட்டு

இப்போது குழிகளுக்கு இடைப்பட்ட திட்டுக்கு வருவோம். பனியூழியின் இறுதியில், ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்பு தட்பவெப்பம் விரைவாக உயர்ந்தபோது, ஃபியோர்டை நிறைத்திருந்த பனி கடல் பக்கத்திலிருந்து உடைந்தும் உருகியும் உள்நாடு நோக்கிப் பின்வாங்கியது. அப்பின்வாங்கல் ஒரே சீராக நடக்கவில்லை. ஆழமான நீரில் நிற்கும் பனியின் முகப்பு எளிதில் உடைந்து மிதந்து போய்விடும். தரை மேலே எழும் இடத்தையோ பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்தையோ அடைந்தவுடன் அம்முகப்புக்குப் பிடிமானம் கிடைத்து, அது சில காலம் அங்கேயே நிலைகொள்ளும். நிலைகொண்ட பனியாறு ஓயாமல் கல்லையும் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து முன்னால் கொட்டுகிறது. பனியாறு நேரடியாகக் கொட்டும் இக்கலவைக் குவியலை மொரைன் என்கிறோம். அதிலிருந்து பாயும் உருகுநீர், மணலையும் சரளையையும் தரம் பிரித்துக் கடலோரத்தில் கழிமுகமாகப் பரப்புகிறது. பாறை மேடும் மொரைனும் ஆற்று வண்டலும் சேர்ந்ததே உள்முனை ஃபியோர்டு கிராமங்கள் அமர்ந்திருக்கும் வகையைச் சேர்ந்த திட்டு.

பனிக்கட்டி எடுத்துச் சென்றதை மட்டுமல்லாமல், அது விடுவித்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட பனி ஸ்காண்டிநேவிய நிலத்தைப் பூமிக்குள் அமுக்கி வைத்திருந்தது. பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது. முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நடந்த அந்த எழுச்சி இன்றும் முற்றுப்பெறவில்லை. பாரம் மிகுதியாக இருந்த, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட போத்னியா வளைகுடாப் பகுதியில் இப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மி.மீ. வரை நிலம் உயர்கிறது. மேற்குக் கரையில் இது அதைவிடக் குறைவு. ஆஸ்லோவைச் சுற்றியுள்ள பகுதியில் பனியூழி முடிந்த காலத்துக் கடற்கரை இன்று கடல்மட்டத்திலிருந்து 220 மீட்டர் உயரத்தில் காணப்படுகிறது என்றால், எழுச்சியின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். நோர்ட்ஃபியோர்டின் உள்முனையில் அது அந்த அளவுக்குப் பெரிதாக இல்லை என்றாலும், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மணலும் களிமண்ணும் இன்று உலர்ந்த மேட்டுநிலமாகவும் வயல்வெளியாகவும் மாற அதுவே போதுமானதாக இருந்தது.

இதன் பயனைக் கிராமத்தார் நன்றாகவே அனுபவிக்கிறார்கள். செங்குத்துப் பாறைகளும் ஆழமான நீரும் மட்டுமே உள்ள நிலத்தில், தட்டையான மண்தரை என்பது அரிய பொருள். வீடு கட்டவும், புல் வளர்க்கவும், மாடும் ஆடும் மேய்க்கவும், படகு கட்டவும் ஏற்ற இடம் இந்தத் திட்டின் மேல்தான் கிடைக்கிறது. ஆகவே உள்முனை ஃபியோர்டுகளில் கிராமங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டால், வரைபடத்தைப் பார்க்காமலேயே, குழிக்கும் குழிக்கும் நடுவே என்று விடை சொல்லிவிடலாம். லோவட்னெட்டின் நீரும் இத்திட்டை அறுத்துக்கொண்டுதான் கடலை அடைகிறது. லோஎல்வா என்னும் அந்த ஆறு, ஒரு சில கி.மீ. நீளத்துக்குள் 52 மீட்டர் இறங்கி, கிராமத்தின் ஓரமாக ஃபியோர்டில் கலக்கிறது. ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலையும் இத்திட்டின் வழியாகவே செல்கிறது. ஏரிக்கரையோரம் உட்புறமாகப் போகும் சாலையோ பனியாற்றின் அருகே சென்று நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போக இடமில்லை.

ஏரியும் அதன் நிறமும்

லோவட்னெட் ஏறத்தாழ 11 கி.மீ. நீளமும் 10.5 சதுர கி.மீ. பரப்பும் கொண்டது. பரப்பை நீளத்தால் வகுத்தாலே அதன் சராசரி அகலம் ஒரு கி.மீட்டருக்கும் குறைவு என்று தெரிந்துவிடும். அந்த ஒடுக்கமான நீருக்கு இருபுறமும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் நேராக எழுகின்றன. கிராமத்துக்கு அருகிலுள்ள ஸ்கோலா மலை 1,848 மீட்டர் உயரம் கொண்டது. அதில் ஏறுவோர் ஏறக்குறையக் கடல்மட்டத்திலிருந்தே நடையைத் தொடங்குகிறார்கள். அதன் உச்சியில் 1891-இல் கட்டி முடிக்கப்பட்ட கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. காசநோயாளிகளுக்கு மலைக்காற்று நல்லது என்று நம்பிய ஒரு மருத்துவரின் முயற்சியால் எழுந்த அக்கோபுரம் இப்போது மலையேறுவோர் தங்கும் இடமாகப் பயன்படுகிறது. நோயாளியை அவ்வளவு உயரம் ஏற்றுவது எப்படி என்று அவர் யோசித்தாரா என்பது வேறு விஷயம்.

ஏரியின் மேல்முனையில் யோஸ்டெடால்ஸ்ப்ரேன் இருக்கிறது. ஐரோப்பியப் பெருநிலத்தில் மிகப் பெரிய பனியாறான அது, மலை மேட்டின் மீது 450 சதுர கி.மீட்டருக்கும் அதிகமான பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதிலிருந்து பள்ளத்தாக்குகளுக்குள் பல கிளைகள் இறங்குகின்றன. லோயன் பள்ளத்தாக்கில் இறங்கும் கிளைகளில் ஒன்று ஷென்டால்ஸ்ப்ரேன். ஓல்டன் பக்கம் இறங்குவதில் புகழ் பெற்றது ப்ரிக்ஸ்டால்ஸ்ப்ரேன். பலரும் நினைப்பது போல இப்பெரும் பனியாறு பனியூழியின் எச்சம் அன்று. பனியூழிக்குப் பிந்தைய வெப்பமான காலத்தில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன், யோஸ்டெடால்ஸ்ப்ரேன் முழுவதுமாகவோ பெரும்பகுதியோ உருகி மறைந்து, பிற்காலத்தில் மீண்டும் வளர்ந்தது என்பது ஏரிப் படிவுகளை ஆராய்ந்தவர்களின் முடிவு. ஏரிகளையும் ஃபியோர்டுகளையும் தோண்டியது இன்று கண்ணில் படும் பனி அன்று. அதைவிடப் பல மடங்கு பெரிய, மறைந்துபோன பனி.

பனியாறு தரையைத் தேய்க்கும்போது பாறை மாவு போல நுண்ணிய துகளாகிறது. கோடையில் உருகுநீர் அத்துகள்களைச் சுமந்துகொண்டு பால் கலந்த சாம்பல் நிறத்தில் ஏரிக்குள் வந்து சேர்கிறது. நீரோட்டம் ஏரியில் நின்றுவிடுவதால் பருமனான மணல் மேல்முனையிலேயே படிந்து கழிமுகமாக வளர்கிறது. மிக நுண்ணிய துகள்கள் மட்டும் வாரக்கணக்கில் நீரில் மிதக்கின்றன. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் உறிஞ்சிக்கொள்ள, மிதக்கும் துகள்கள் நீலத்தையும் பச்சையையும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. சுற்றுலாப் படங்களில் திருத்தம் செய்யப்பட்டதோ என்று ஐயுறவைக்கும் லோவட்னெட்டின் மரகத நிறம் இப்படித்தான் உண்டாகிறது. குளிர்காலத்தில் உருகல் நின்று துகள் வரத்து குறையும்போது அந்நிறமும் மங்கிவிடும். ஏரி ஒரு பெரிய படிவுத் தொட்டியாக வேலை செய்வதால், அதிலிருந்து வெளியேறும் ஆறு உள்ளே வந்த ஆற்றைவிடத் தெளிவாகவும், வெள்ளமும் வறட்சியும் மட்டுப்பட்டதாகவும் ஓடுகிறது. ஸ்ட்ரினெவட்னெட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஸ்ட்ரின் ஆறு சால்மன் மீனுக்குப் பெயர்பெற்றிருப்பதில் இந்த ஒழுங்குக்கும் பங்குண்டு.

ராம்னெஃப்யெல் மலை

பனியாறு விட்டுச்சென்ற செங்குத்துச் சுவர்களுக்கு ஒரு விலை உண்டு. பனி இருந்தவரை அது பள்ளத்தாக்குச் சுவர்களை இருபுறமும் அணைத்து நின்றது. பனி போனதும் அந்த அணைப்பு நீங்கி, பாறையில் சுவருக்கு இணையாக நெடுக்கு வெடிப்புகள் தோன்றி விரிந்தன. ஆண்டுதோறும் வெடிப்புக்குள் புகும் நீர் உறைந்து விரிவதும் உருகிச் சுருங்குவதுமாக அவற்றை மேலும் அகலப்படுத்துகிறது. ஒரு நாள் பலகை போன்ற பாறை அடுக்கு தன் பிடிமானத்தை இழந்து பிரிகிறது. சாதாரண மலையடிவாரத்தில் விழுந்தால் அது அடிவாரத்தோடு நின்றுவிடும். நீருக்குள் விழுந்தால் அதன் கதை வேறு.

1905 ஜனவரி 15 அன்று இரவு, லோவட்னெட்டின் மேல்பகுதியில் கரையையொட்டி நிற்கும் ராம்னெஃப்யெல் மலையின் முகப்பிலிருந்து, ஏரிக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைப் பகுதி பெயர்ந்து விழுந்தது. வழியில் கிடந்த கற்குவியல்களையும் இழுத்துக்கொண்டு அது ஏரிக்குள் பாய்ந்ததில், சுமார் 40 மீட்டர் உயரம் வரை நீர் கரையேறியது. போடால், நெஸ்டால் என்ற இரு குடியிருப்புகள் அழிந்து 61 பேர் இறந்தனர். ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றுவந்த லோடாலன் என்ற சிறு நீராவிப் படகு, கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே தூக்கி எறியப்பட்டுக் கிடந்தது.

எஞ்சியவர்கள் அதே இடத்தில் மீண்டும் வீடு கட்டினார்கள். இதை இன்றிருந்து பார்த்து அறியாமை என்று சொல்வது எளிது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் தட்டையான விளைநிலம் வேறெங்கும் இல்லை என்பதையும், ஒருமுறை விழுந்த மலை மறுமுறையும் அங்கிருந்தே விழும் என்று எதிர்பார்க்க அன்றைக்குக் கண்காணிப்புக் கருவி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1936 செப்டம்பர் 13 அன்று அதிகாலையில், அதே மலையில், இம்முறை ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலிருந்து, சுமார் 10 லட்சம் கன மீட்டர் பாறை ஏரிக்குள் விழுந்தது. ஒரு கன மீட்டர் நைஸ் பாறை ஏறக்குறைய 2.7 டன் எடையுள்ளது என்று கொண்டால், அது 27 லட்சம் டன். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 800 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு சுமார் 450 கி.மீ. வேகத்தில் நீரைத் தொடும்; உண்மையில் வேகம் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும் என்றாலும், மோதலின் கடுமையை உணர இக்கணக்கு உதவும். அலை சில இடங்களில் 70 மீட்டருக்கும் மேல் கரையேறியது. 74 பேர் இறந்தனர். 1905-இல் கரையேறிக் கிடந்த அதே லோடாலன் படகை இந்த அலை இன்னும் மேலே தூக்கிச் சென்றது. அதன்பின் 1936 இறுதியிலும் 1950-இலும் பாறை சரிந்தது. ஆயினும் அப்போது யாரும் அங்கே வசிக்காததால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

இந்த அலை ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு விடை, ஏரியின் வடிவத்தில் இருக்கிறது. திறந்த கடலில் ஒரு பெரும் பொருள் விழுந்தால் எழும் அலை எல்லாத் திசைகளிலும் விரிந்து, தூரம் செல்லச் செல்லத் தாழ்ந்துவிடும். ஒரு கி.மீட்டருக்கும் குறைவான அகலத்தில், இருபுறமும் பாறைச் சுவர்களுக்கு நடுவே அடைபட்ட நீருக்கு விரிய இடமில்லை. விழுந்த பாறையின் அளவுக்கு நீர் எங்காவது போயாக வேண்டும். அது எதிர்ச்சுவரில் ஏறுகிறது, திரும்பி வந்து மோதுகிறது, ஏரியின் நீளவாக்கில் ஓடுகிறது. பாறை சரிந்த மேல்முனையைச் சுற்றியே பெரும்பாலான அழிவு நிகழ்ந்தது. தொலைவில், ஃபியோர்டோரத் திட்டின் மேல் இருந்த கிராம மையம் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1934 ஏப்ரல் 7 அன்று, வடக்கே உள்ள டாஃபியோர்டில் இதே வகைப் பாறைச்சரிவு ஏற்படுத்திய அலையில் 40 பேர் இறந்திருந்தனர். அந்த வகையில் ஏரிக்கும் ஃபியோர்டுக்கும் ஆபத்தில் வேறுபாடு இல்லை. இன்று நார்வேயின் நீர்வள எரிசக்தி இயக்ககம், நகரக்கூடிய மலைச்சரிவுகளைக் கருவிகளால் தொடர்ந்து அளந்து, அசைவு மிகுந்தால் மக்களை முன்கூட்டியே வெளியேற்றும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. டாஃபியோர்டும் லோவட்னெட்டும் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் உள்ள பாடங்கள்.

வெயிலும் குளிரும்

லோயன் ஏறத்தாழ வடக்கு 61.9 பாகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 5 பாகைக்கும் குறைவாகவே எழும். தெற்கே ஆயிரம் மீட்டர் உயர மலை ஒன்று நின்றால், அதன் நிழல் அந்நேரத்தில் 12 கி.மீ. தூரம் வரை நீளும். ஆகவே ஒடுக்கமான இப்பள்ளத்தாக்குகளின் பல பகுதிகளில் குளிர்காலத்தில் பல வாரங்கள் நேரடி வெயில் படுவதில்லை. எதிர்ப்புறச் சரிவில் வெயில் எப்போது திரும்பி இறங்குகிறது என்பது அங்கு வாழ்வோருக்குப் பொருள் நிறைந்த செய்தி. இவ்வளவு வடக்கே இருந்தும் குளிர் கடுமையாக இல்லாததற்கு, வட அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பமும், ஃபியோர்டின் பெரும் நீர்த்திரளும் காரணம். கோடையில் நீண்ட பகலும் மண்தரையும் சேர்ந்து, புல்லும் பழங்களும் நன்றாக விளைய இடமளிக்கின்றன.

கிராமத்துக்கு மேலே 1,011 மீட்டர் உயரமுள்ள ஹோவன் மலைக்கு, 2017 மே மாதம் முதல் ரோப்கார் ஒன்று ஓடுகிறது. கடலோரத்திலிருந்து சில நிமிடங்களில் மேலே சென்றுவிடலாம் என்பதால், ஃபியோர்டு, கழிமுகம், கிராமம், மலைச்சுவர் ஆகியவற்றை ஒரே பார்வையில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு அதைவிட எளிய வழி இல்லை. ஊரின் பொருளாதாரமும் பெருமளவு இத்தகைய வருகையாளரையே நம்பியிருக்கிறது. அங்குள்ள பழைய விடுதி 1884 முதல் இயங்கி வருகிறது.

பக்கத்து ஏரிகள்

ஓல்டெவட்னெட்டைப் பற்றித் தனியே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நீளத்தில் லோவட்னெட்டுக்கு இணையானது, பரப்பில் சற்றுச் சிறியது. ஸ்ட்ரினெவட்னெட் ஏறத்தாழ 23 சதுர கி.மீ. பரப்புடன் இம்மூன்றில் பெரியது; 1991-இல் அமைக்கப்பட்ட யோஸ்டெடால்ஸ்ப்ரேன் தேசியப் பூங்காவின் விளக்க மையம் ஒன்று அதன் கரையில் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் உண்மையிலேயே வியப்பூட்டும் ஏரி, மேற்கே உள்ள ஹோர்னின்டால்ஸ்வட்னெட். அதன் ஆழம் 514 மீட்டர். ஐரோப்பாவிலேயே மிக ஆழமான ஏரி என்று கணக்கிடப்படுகிறது. நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசா 365 சதுர கி.மீ. பரப்பும் சுமார் 450 மீட்டர் ஆழமும் கொண்டது. ஹோர்னின்டால்ஸ்வட்னெட்டோ ஏறத்தாழ 50 சதுர கி.மீ. பரப்புக்குள் அதைவிட ஆழமாக இறங்கிவிடுகிறது. நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 53 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடித்தரை கடல்மட்டத்துக்கு 461 மீட்டர் கீழே இருக்கிறது. மேற்கு முனையில் உள்ள நிலத்திட்டு மட்டும் இல்லாதிருந்தால், அது நோர்ட்ஃபியோர்டின் இன்னொரு கிளையாகவே இருந்திருக்கும். பெரிய பனியாறு எதுவும் இன்று அதற்கு நீர் தராததால், லோவட்னெட்டைப் போன்ற பாறை மாவின் நிறம் அதில் இல்லை; நீர் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரே முறையில் உருவான இரண்டு ஏரிகள், பனி இன்னும் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எவ்வாறு வேறுபடும் என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஏரிகள் பிறப்பது இன்னும் நிற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளிர் மிகுந்த காலத்தில் யோஸ்டெடால்ஸ்ப்ரேனின் கிளைகள் பள்ளத்தாக்குகளுக்குள் வெகுதூரம் முன்னேறிப் பண்ணை நிலங்களைச் சேதப்படுத்தின. அதன்பின் பொதுவாகப் பின்வாங்கி வருகின்றன. ப்ரிக்ஸ்டால்ஸ்ப்ரேன் 1990-களில் குளிர்காலப் பனிப்பொழிவு மிகுதியாக இருந்ததால் முன்னேறி, தன் முன்னே இருந்த சிறு ஏரியை மூடிக்கொண்டது. 2000-க்குப் பிறகு விரைவாகப் பின்வாங்கி ஏரியை விட்டே விலகிவிட்டது. மலையின் மறுபக்கம் உள்ள நிகார்ட்ஸ்ப்ரேன் என்னும் கிளைக்கு முன்னால் இன்று படகு செல்லும் ஏரி, 1930-களுக்கு முன்பு முழுவதும் பனிக்கு அடியில் இருந்தது. 1960-களின் இறுதியில்தான் பனி அதை விட்டு முற்றிலும் நீங்கியது. யோஸ்டெடால்ஸ்ப்ரேனின் தடிமனை ரேடார் அலைகளால் அளந்தவர்கள், சில இடங்களில் 600 மீட்டருக்கும் மேற்பட்ட பனிக்கு அடியிலும் இதே குழியும் திட்டுமான பாறைத்தரையைக் கண்டிருக்கிறார்கள். பனி உருகும்போது அக்குழிகளில் நீர் நிறையும். அந்நீரைச் சுற்றிப் புதிதாக அணைப்பிழந்த பாறைச்சுவர்களும் இருக்கும் என்பதால், எந்தக் குழி எங்கே இருக்கிறது என்ற வரைபடம் இப்போதே தேவைப்படுகிறது.